உடைந்தது ஓர் அடுக்கில், பழுது பார்த்தது வேறோர் அடுக்கில்: 2008ஆம் ஆண்டு மடிக்கணினி கிராபிக்ஸ் சிப் கோளாறு குறித்த நிகழ்வு ஆய்வு

2008ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, கிராபிக்ஸ் சிப்களை வடிவமைத்து விற்கும் என்விடியா நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஓர் அறிக்கையைத் தாக்கல் செய்தது. தனது முந்தைய தலைமுறை கிராபிக்ஸ் சிப்களிலும் (திரையில் படம் வரையும் சிப்கள்) சிப்செட்களிலும் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்கள்) சில வகைகள் மடிக்கணினிகளில் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகி வருவதாகவும், அவற்றைச் சரிசெய்யவும் மாற்றித் தரவும் ஆகும் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கப்போவதாகவும் அதில் தெரிவித்திருந்தது. அன்றே வருவாய் மதிப்பீட்டையும் குறைத்து அறிவித்ததால், மறுநாள் அதன் பங்கு விலை ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது. பழுதுக்கு மூன்று காரணங்கள் சேர்த்துச் சொல்லப்பட்டன: சிப்பும் அதன் உறையும் சேர்ந்த பொருள் அமைப்பின் வலுக்குறைவு, மடிக்கணினியின் வெப்ப மேலாண்மை வடிவமைப்பு, வாடிக்கையாளர் பயன்படுத்தும் விதம். கணினியைக் காசு கொடுத்து வாங்கியவர் அதை இயக்கியதும் அணைத்ததும்கூடக் காரணப் பட்டியலில் இடம்பெற்றது, பின்னால் நடந்தவற்றுக்குப் பொருத்தமான தொடக்கமாகவே அமைந்தது.

இந்த நிகழ்வை இப்போது எடுத்துப் பேசக் காரணம் உண்டு. மடிக்கணினியின் உள்ளுறுப்பு பழுதானால் ஒருவர் முன் இருக்கும் வழிகள் எல்லாம், அதாவது மென்பொருள் திருத்தம், நீட்டித்த வாரண்டி, மதர்போர்டு எனும் முதன்மைச் சுற்றுப்பலகை மாற்றம், சிப் மாற்றம், கடைக்காரரின் ரீபாலிங் (சிப்பைப் பெயர்த்து, அடியிலுள்ள உலோக உருண்டைகளைப் புதிதாகப் பதித்து மறுபடி ஒட்டுவது), வீட்டு வைத்தியம், நீதிமன்றம் ஆகிய அத்தனையும், ஒரே கோளாறின் மீது ஒரே காலத்தில் முயன்று பார்க்கப்பட்ட அரிய வாய்ப்பு இது. எந்த வழி ஏன் பலித்தது, எது பலித்ததுபோல் தோன்றியது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

உடைந்தது எது

ஒரு கிராபிக்ஸ் சிப்பை மதர்போர்டின் மேல் பார்க்கும்போது, பச்சை நிறச் சதுரத் தளம் ஒன்றும் அதன் நடுவில் கண்ணாடிபோல் பளபளக்கும் சிறிய சிலிக்கான் துண்டும் தெரியும். இங்கே சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) இணைப்பு ஓர் அடுக்கில் அல்ல, இரண்டு அடுக்குகளில் இருக்கிறது என்பதே இந்த ஆய்வின் அச்சாணி. முதல் அடுக்கு, சிலிக்கான் துண்டை அந்தப் பச்சைத் தளத்தோடு இணைப்பது. அதிலுள்ள சால்டர் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமே கொண்டவை. தொழிலில் இவற்றை பம்ப் என்பார்கள். இரண்டாவது அடுக்கு, பச்சைத் தளத்தை மதர்போர்டோடு இணைப்பது. அதிலுள்ள சால்டர் உருண்டைகள் அரை மில்லிமீட்டர் அளவில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். பழுது பார்ப்பவர் கைக்கு எட்டுவது இந்த இரண்டாவது அடுக்கு மட்டுமே. முதல் அடுக்கு சிப் தொழிற்சாலையில் ஒருமுறை உருவாகி, சுற்றிலும் பிசின் ஊற்றி அடைக்கப்பட்டுவிடும்.

சூடேறும்போது சிலிக்கான் மிகக் குறைவாகவே விரியும். ஒரு டிகிரிக்கு அதன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் மூன்று பங்கு. அதன் அடியிலுள்ள தளமோ ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக விரியும். கணினியை இயக்கும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் நீள்கின்றன, அணைத்தபின் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன, இடையில் மாட்டிக்கொண்ட பம்ப்கள் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் இழுபடுகின்றன. இந்த இழுவையைப் பங்கிட்டுத் தாங்குவதற்காகவே, செங்கல் வரிசைக்கு நடுவே சாந்து பூசுவதுபோல, பம்ப்களுக்கு நடுவே அண்டர்ஃபில் எனும் பிசினை நிரப்புகிறார்கள். அந்தப் பிசினுக்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டினால் விறைப்பு போய் இளகிவிடும், தாங்கும் வேலையைச் செய்யாது.

அப்போது வெளியான தொழில்நுட்ப விமர்சனங்கள் சுட்டிக்காட்டியவை இரண்டு. பம்ப்களுக்கு ஈயம் மிகுந்த கலவை பயன்படுத்தப்பட்டிருந்தது. அது உருகுவதற்கு 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும் என்றாலும், மீண்டும் மீண்டும் வளையும் இழுவையில் எளிதில் விரிசல் விடக்கூடியது. அண்டர்ஃபில் பிசினோ, கிராபிக்ஸ் சிப் அன்றாடம் எட்டும் வெப்பநிலையிலேயே இளகிவிடும் வகையைச் சேர்ந்திருந்தது. இதனால் கணினி சூடாகும் ஒவ்வொரு முறையும், தாங்க வேண்டிய பிசின் ஒதுங்கிக்கொள்ள, முழு இழுவையும் பம்ப்களின் மேலேயே விழுந்தது. ஜி84, ஜி86 என்ற குறியீடுகளைக் கொண்ட சிப்கள், அதாவது 8400எம், 8600எம் என்ற பெயர்களில் விற்றவை, இதில் அதிகம் பேசப்பட்டன.

2006ஆம் ஆண்டு ஜூலையில் ஐரோப்பாவில் ஈயமில்லாச் சால்டர் கட்டாயமானதை ஒட்டி, 'ஈயம் இல்லாததால்தான் உடைகிறது' என்ற விளக்கம் பழுது பார்ப்போரிடையே வேகமாகப் பரவியது. அந்த விளக்கம் குற்றம் சாட்டியது இரண்டாவது அடுக்கை. விரிசல் விட்டதோ முதல் அடுக்கில், ஈயம் நிறைந்த பம்ப்களில். தவறான அடுக்கைச் சுட்டிய இந்த விளக்கம்தான் பின்னர் ஒரு முழுப் பழுதுபார்ப்புச் சந்தைக்கே அடித்தளமாயிற்று.

அறிகுறிகளும் தவறான ஊகங்களும்

டெல் கணினிகளில் திரையில் கோடுகள், ஒரே படம் பல துண்டுகளாகத் தெரிவது, பொருளற்ற எழுத்துகள், இறுதியில் திரையே வராமல் போவது என்று அறிகுறிகள் வரிசையாக வந்தன. இவை கிராபிக்ஸ் கோளாறு என்று ஊகிக்கக்கூடியவை. எச்பி நிறுவனத்தின் டிவி2000, டிவி6000, டிவி9000 வரிசைகளில் நிலைமை வேறாக இருந்தது. ஏஎம்டி பிராசஸர் கொண்ட பல மாடல்களில் சிப்செட்டும் என்விடியாவினுடையது என்பதால், முதல் அறிகுறியாக வைஃபை கருவி விண்டோஸின் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். பயன்படுத்துபவர் வைஃபை கார்டை மாற்றுவார், விண்டோஸை மறுபடி நிறுவுவார், சில நாள்களில் கணினி அடியோடு எழாமல் போகும். எச்பி தனது சேவை அறிவிப்பில் வைஃபை மறைவதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்திருந்தது. அதைப் படித்தவர்களுக்கு ஒரு கார்டின் விலை மிச்சமாயிற்று.

இத்தகைய கோளாறைச் செலவில்லாமல் பிரித்தறியச் சில சோதனைகள் இன்றும் பயன்படும். வெளி மானிட்டர் ஒன்றை இணைத்துப் பார்த்தால், அதில் படம் தெளிவாக இருக்குமானால் குற்றம் திரையிலோ அதன் கேபிளிலோ இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் ஒரே கோடுகள் தெரிந்தால் மதர்போர்டின் பக்கம் போக வேண்டும். விண்டோஸ் தொடங்கும் முன்பே, பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) திரையிலேயே கோடுகள் இருந்தால், சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரைச் சந்தேகிக்கத் தேவையில்லை. சேஃப் மோடில் (அத்தியாவசிய மென்பொருளை மட்டும் ஏற்றும் நிலையில்) ஓடும் கணினி, கிராபிக்ஸ் டிரைவர் ஏறிய கணத்தில் உறைந்துபோவது சிப் தளர்ந்துவருவதன் பழக்கமான அடையாளம். கடைக்குப் போகும் முன் இந்த விவரங்களை எழுதி எடுத்துச் செல்பவரிடம், 'போர்டு போயிடுச்சு' என்ற ஒற்றை வரியோடு கடைக்காரர் பேச்சை முடிக்க முடியாது.

நிறுவனங்கள் செய்தவை

முதலில் வந்த மருந்து ஒரு பயாஸ் புதுப்பிப்பு. டெல்லும் எச்பியும் வெளியிட்ட அந்தத் திருத்தம், மின்விசிறி முன்கூட்டியே சுழலத் தொடங்கி நீண்ட நேரம் ஓடும்படி செய்தது. வெப்பநிலை ஏறி இறங்கும் வீச்சைக் குறைத்தால் பம்ப்கள் இழுபடுவது குறையும் என்ற அளவில் அதன் தர்க்கம் சரியே. ஆனால் விழுந்த விரிசலை அது ஒட்டவைக்காது. பேட்டரி சீக்கிரம் தீரும், விசிறிச் சத்தம் ஓயாது, பழுது மட்டும் சற்றுத் தள்ளிப்போகும். வாரண்டி முடியும் தேதிக்கு அப்பால் தள்ளிப்போனால் அது யாருக்கு ஆதாயம் என்ற கேள்வியை அப்போதைய விமர்சகர்கள் எழுப்பினார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

விமர்சனத்துக்குப் பிறகு டெல் 2008 ஆகஸ்டில், எக்ஸ்பிஎஸ் எம்1330, இன்ஸ்பிரான் 1420, லாட்டிட்யூட் டி630 உள்ளிட்ட மாடல்களுக்கு இந்தக் கோளாறுக்கான வாரண்டியை 12 மாதங்கள் நீட்டித்தது. எச்பி அதற்கு முன்பே, 2007 இறுதியிலேயே, குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டி தொடங்கிய நாளிலிருந்து 24 மாதம் வரை இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்திருந்தது. ஆப்பிளின் நடவடிக்கை கூர்மையானது. தனது கணினிகளில் இந்தச் சிக்கல் இல்லை என்று என்விடியா உறுதியளித்திருந்தும், தன் சொந்த விசாரணையில் 8600எம் ஜிடி சிப் கொண்ட சில மேக்புக் ப்ரோ கணினிகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் எனத் தெரியவந்ததாக 2008 அக்டோபரில் வெளிப்படையாகவே எழுதியது. முதலில் இரண்டாண்டு, பிறகு மூன்றாண்டு, இறுதியில் வாங்கிய நாளிலிருந்து நான்காண்டு என இலவசப் பழுதுபார்ப்புக் காலம் நீண்டது.

இவற்றின் கீழ் நடந்த பழுதுபார்ப்பு பெரும்பாலும் முழு மதர்போர்டு மாற்றமே. சேவை மையத்துக்கு அதுதான் விரைவான வழி. ஆனால் மாற்றிப் போட்ட போர்டிலும் அதே வகைச் சிப் இருந்தால், கோளாறின் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது, அவ்வளவுதான். ஓராண்டு கழித்து இரண்டாவது போர்டும் போனதாகப் பலர் முறையிட்டார்கள். எனவே வாரண்டியில் மாற்றித் தரும் பாகம் திருத்திய வடிவமா, பழைய வடிவமா என்பதைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது, இலவசமாகக் கிடைக்கும் பழுதுபார்ப்பிலும் அவசியம்.

அமெரிக்காவில் என்விடியாவின் மேல் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கில், 2010 டிசம்பரில் கலிபோர்னியாவின் வட மாவட்ட நீதிமன்றம் சமரசத்துக்கு ஒப்புதல் அளித்தது. டெல், ஆப்பிள் கணினிகளுக்குச் சிப் அல்லது போர்டு மாற்றம். ஏற்கெனவே சொந்தச் செலவில் சரிசெய்தவர்கள் அந்தச் செலவைக் கோரலாம். எச்பி வாடிக்கையாளர்களுக்கோ 'வகையிலும் மதிப்பிலும் ஒத்த' மாற்றுக் கணினி. அந்த மாற்றுக் கணினியாக வந்தது காம்பேக் பிரசாரியோ சிகியூ56 என்ற மிக எளிய மாடல். ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து டிவி9000 போன்ற பெரிய திரைக் கணினி வாங்கியவர்கள் எதிர்த்தார்கள். நீதிபதி ஜேம்ஸ் வேர் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. மூன்று நான்கு ஆண்டு பழைய கணினியின் அன்றைய சந்தை மதிப்பை வைத்துப் பார்த்தால் அது நியாயம் என்று வாதிடலாம். ஆனால் அது பழையதானதில் பாதிக் காலம் மேசை இழுப்பறையில் எழாமல் கிடந்த காலம் என்பதை அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் வாங்கிய கணினிகளுக்கு மட்டுமே அந்தச் சமரசம் பொருந்தியது.

கடைத்தெருவின் வழிகள்

வாரண்டிக்கு வெளியே நின்றவர்களுக்கு, நம் ஊரில் சென்னையின் ரிச்சி தெருவும் அதைப் போன்ற கடைத்தெருக்களுமே கதி. அங்கே 'சிப் லெவல் சர்வீஸ்' என்ற பலகையின் கீழ் மூன்று வேலைகள் விலைபோயின.

முதலாவது, வெறும் சூடேற்றம். சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன்னைச் சிப்பின் மேல் சில நிமிடங்கள் பிடித்தால், செத்த கணினி எழுந்துவிடும். வெளிநாடுகளில் சிலர் போர்டைக் கழற்றிச் சமையலறை ஓவனில் 200 டிகிரி அளவில் வைத்து எடுத்தார்கள், அதுவும் பலித்தது. ஏன் பலித்தது என்பதே கவனிக்க வேண்டியது. ஈயம் மிகுந்த பம்ப் அந்த வெப்பத்தில் உருகாது. சுற்றியுள்ள பிசின் இளகி, பாகங்கள் விரிந்து, விரிசலின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று மீண்டும் தொட்டுக்கொள்கின்றன; மின்சாரம் பாய்கிறது. அது தொடுகை, பிணைப்பு அல்ல. சில நாள்களிலோ வாரங்களிலோ, சூடாகி ஆறும் அதே சுழற்சி மறுபடி அதைப் பிரித்துவிடும். போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் கனெக்டர்கள் உருகுவது, மின்தேக்கிகள் வீங்குவது, கழற்றாமல் விட்ட சிமாஸ் பேட்டரி (போர்டிலுள்ள சிறு பொத்தான் பேட்டரி) வெடிப்பது, உணவு சமைக்கும் ஓவனில் ஃபிளக்ஸ் (சால்டரோடு சேரும் வேதிப்பொருள்) புகை படிவது எல்லாம் உண்டு. கணினியிலுள்ள கோப்புகளை எடுக்க ஒரு மணி நேரம் அது ஓடினால் போதும் என்ற நிலையில்கூட இதற்குத் தேவையில்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலே கோப்புகள் கிடைத்துவிடும்.

இரண்டாவது, ரீபாலிங். போர்டை அடியிலிருந்து மெல்லச் சூடேற்றி, சிப்பைப் பெயர்த்தெடுத்து, பழைய சால்டரை உறிஞ்சித் துடைத்து, ஸ்டென்சிலின் துளைகள் வழியே புதிய உருண்டைகளைப் பதித்து, மறுபடி போர்டில் உட்கார வைப்பது. பொறுமையும் கைத்திறனும் நல்ல கருவியும் வேண்டிய வேலை இது; இதைச் செய்பவர்களின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த உழைப்பு முழுவதும் விழுந்தது இரண்டாவது அடுக்கில், விரிசல் இல்லாத அடுக்கில். கணினி எழுந்ததற்கு உண்மைக் காரணம், பெயர்த்தல், உருண்டை பதித்தல், மறுபடி உட்காரவைத்தல் என்று சிப் ஒவ்வொரு படியிலும் சூடேறியதுதான். அதாவது ஹாட் ஏர் கன் தந்த அதே தற்காலிகப் பலன், பல மடங்கு கூலியில். கடைக்காரர் ஏமாற்றினார் என்றும் சொல்லிவிட முடியாது. எழுந்த கணினியைக் கண்ணால் பார்த்தவருக்குத் தன் வேலை பலித்ததாக நம்பக் காரணம் இருந்தது. கீழே விழுந்த அதிர்ச்சியில் உருண்டைகள் உண்மையிலேயே பிளந்த போர்டுகளுக்கு ரீபாலிங் சரியான மருந்து; இந்தக் கோளாறுக்கு அல்ல.

மூன்றாவது, சிப்பையே மாற்றுவது. இந்த மூன்றில் முதல் அடுக்கைத் தொட்ட வழி இது ஒன்றுதான், ஏனெனில் அந்த அடுக்கு புதிய சிப்போடு சேர்ந்தே வருகிறது. ஆனால் எந்தச் சிப் என்பதில் எல்லாம் அடங்கியிருந்தது. சிப்பின் மேல் அச்சிட்ட நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டில் முதல் இரண்டு ஆண்டையும் அடுத்த இரண்டு வாரத்தையும் குறிக்கும்; 0735 என்றிருந்தால் அது 2007ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் தயாரானது. பலவீனமான மூலப்பொருள்கள் திருத்தப்பட்ட பின் தயாரான சிப் கிடைத்தால் பழுது நிலையாகத் தீர்ந்தது. சந்தையிலோ, பழைய போர்டுகளிலிருந்து பெயர்த்து, புதிய உருண்டை பதித்து, சிலவேளை எழுத்தையே அழித்து மறுபடி அச்சிட்ட சிப்களும் 'நியூ' என்றே விற்றன. புதிய சிப்புக்கும் பெயர்த்த சிப்புக்கும் விலை வேறு. அதைக் கேட்டதும் கடைக்காரர் எந்த விலையைச் சொல்கிறார் என்பதிலிருந்தே அவரிடம் இருப்பது எது என்று ஓரளவு தெரிந்துவிடும். அவர் தன் வேலைக்குத் தரும் உத்தரவாதக் காலமும் ஒரு சான்றே. ஒரு மாதத்துக்கு மேல் பொறுப்பேற்க மறுப்பவர், தன் அனுபவத்தில் அந்த வேலை எவ்வளவு நாள் நிற்கிறது என்பதைத்தான் சொல்லாமல் சொல்கிறார்.

இவற்றோடு எச்பியின் மேற்சொன்ன டிவி (dv) மடிக்கணினி வரிசைகளில் தாமிரத் தகடு வைக்கும் வழக்கமும் இருந்தது. சிப்புக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்குக்கும் நடுவே இருந்த தடித்த தெர்மல் பேடை (வெப்பம் கடத்தும் மெத்தை) எடுத்துவிட்டு, அளவான தாமிரத் தகட்டைப் பசையோடு வைத்தால் சிப்பின் வெப்பநிலை குறையும். விரிசல் விழும் முன் செய்தால் ஆயுளைக் கூட்டக்கூடிய, மலிவான, நேர்மையான வேலை அது. விழுந்தபின் செய்தால் பயன் சொற்பம்.

இந்தியாவில் சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்

இதுபோன்ற மறைந்த கோளாறு இன்று இங்கே ஒருவருக்கு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடுள்ள பொருளால் நேரும் தீங்குக்கு ஈடு கோர வழிசெய்யும் 'பொருள் பொறுப்பு' அத்தியாயத்தைப் பலர் நம்பக்கூடும். அந்த அத்தியாயத்தில் 'தீங்கு' என்பதன் வரையறை, பொருளுக்கே நேர்ந்த சேதத்தை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. பேட்டரி வெடித்துக் கை காயம்பட்டால் பொருந்தும், போர்டு இறந்தால் பொருந்தாது. எனவே பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு என்ற பழைய வழியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டு என்ற காலவரம்பு இருப்பதால், முதன்முதலில் பழுது தோன்றிய தேதியைக் காட்டும் ஜாப் ஷீட் (சேவை மையம் தரும் வேலைப் பதிவுச் சீட்டு) முக்கியமாகிறது. சேவை மையத்தில் பழுதின் தன்மையை எழுதாமல் 'நோ டிஸ்ப்ளே' என்று மட்டும் எழுதித் தந்தால், கண்டறிந்த காரணத்தையும் சேர்த்து எழுதக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுது பார்க்கும் உரிமை' இணையவாசலில் நிறுவனங்களின் சேவை விவரங்களும் பாகங்களைப் பற்றிய தகவல்களும் ஓரிடத்தில் தரப்படுகின்றன. கடையில் பேரம் பேசும் முன் ஒருமுறை பார்க்கலாம்.

லாட்டிட்யூட் டி630 வைத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் கண்ட வழி, மேலே சொன்ன எதிலும் சேராதது. அந்த மாடல் இரண்டு வடிவங்களில் விற்றது: ஒன்றில் என்விடியா குவாட்ரோ சிப், மற்றொன்றில் இன்டெல் சிப்செட்டிலேயே அடங்கிய ஜிஎம்ஏ எக்ஸ்3100 கிராபிக்ஸ். இரண்டு போர்டுகளும் ஒரே உடலில் பொருந்தின. பிராசஸர், நினைவகம், திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் அப்படியே எடுத்து மாட்டலாம். ஹீட் சிங்க் மட்டும் இன்டெல் வடிவத்துக்கு உரியதாக மாற வேண்டும். கழித்துக்கட்டிய அலுவலகக் கணினிகளிலிருந்து வந்த இன்டெல் போர்டு, ரீபாலிங் கூலியோடு ஒப்பிடக்கூடிய விலையில் கிடைத்தது. விளையாட்டுகளுக்கும் முப்பரிமாண வரைபட வேலைக்கும் வேகம் குறைந்தது உண்மை. கடிதம் தட்டச்சிடவும் கணக்குப் பார்க்கவும் வாங்கிய கணினியில் அந்த வேகத்தை இழந்ததாக யாரும் உணரவில்லை. அப்படி மாற்றிய கணினிகளில் உடைவதற்கு அந்தச் சிப்பே இல்லை.